காட்டுக்குத் திட்டம் போடும்போது ஊர் என்ன சொல்லலாம்? கேள்வி பதில்

முத்துப்பேட்டை அலையாத்திக் காடு, கோடியக்கரை சரணாலயம், வடுவூர் ஏரி. இவற்றின் மேலாண்மைத் திட்டங்கள் பற்றி டெல்டா நண்பர்கள் கேட்டவற்றுக்கு, ஓய்வு பெற்ற வனவர் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஐயா, காடு வனத்துறையோடது, திட்டமும் அவங்க போடுறதுதான். எங்க பேச்சுக்குச் சட்டத்துல இடம் இருக்கா? (மீனவர், ஜாம்புவானோடை)

இருக்கிறது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972இன் 33பி பிரிவு, சரணாலயத்துக்கு ஆலோசனைக் குழு அமைக்கச் சொல்கிறது. தொகுதி எம்.எல்.ஏ., உள்ளாட்சிப் பிரதிநிதிகள் மூன்று பேர், தொண்டு நிறுவனங்களிலிருந்து இரண்டு பேர் அதில் இருக்க வேண்டும். சரணாலயத்தைச் சுற்றி வாழும் மக்களை எப்படிப் பங்கேற்க வைப்பது என்று சொல்வதும் அந்தக் குழுவின் வேலை. அந்த மூன்று உள்ளாட்சிப் பிரதிநிதிகள் யார் என்று முதலில் விசாரியுங்கள். உங்கள் ஊர்ப் பேச்சு உள்ளே போக அவர்கள்தான் வாசல்.

வன உரிமைச் சட்டம் 2006 பொருந்தும் சரணாலயம் என்றால், கிராம சபையைக் கலந்து திட்டம் தயாரிக்க வேண்டும் என்று வன உயிரினச் சட்டத்தின் 2022 திருத்தம் சொல்கிறது. அந்த 2006 சட்டம் பட்டியலிடும் சமூக உரிமைகளில் மீன் எடுக்கும் உரிமையும் இருக்கிறது. அந்த உரிமையைக் கேட்க, பழங்குடி அல்லாதவர்கள், 2005 டிசம்பர் 13க்கு முன்பே மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, அங்கே வாழ்ந்து அந்தக் காட்டை நம்பிப் பிழைத்ததைக் காட்ட வேண்டும். பழைய வரி ரசீது, பெரியவர்களின் வாக்குமூலம் எல்லாவற்றையும் இப்போதே திரட்டி வையுங்கள்.

‘காட்டைக் காப்பாத்துங்க, எங்க பொழைப்பையும் பாருங்க’ன்னு எழுதிக் குடுத்தா போதாதா? (தொண்டியக்காடு)

போதாது அம்மா. அந்த வரியை யாரும் மறுக்க மாட்டார்கள், அதனாலேயே திட்டத்தில் ஒரு எழுத்தும் மாறாது. உங்களுக்கு மட்டும் தெரிந்ததை எழுதுங்கள்.

முத்துப்பேட்டையையே பாருங்கள். வெள்ளைக்காரன் காலத்தில் தொடங்கி, பகுதி பகுதியாக மொட்டையடித்து வெட்டினார்கள். வெட்டிய இடத்தில் தரை தாழ்ந்து பள்ளமானது. கடல் ஏற்றத்தில் வந்த தண்ணீர் வற்றத்தில் திரும்பாமல் அங்கேயே நின்று காய்ந்தது. உப்பு ஏறி, கன்று முளைக்காத பொட்டலாகிவிட்டது. பிறகு வாய்க்கால் வெட்டி, தண்ணீர் வந்து போக வழி செய்த பிறகுதான் அலையாத்தி மறுபடி தழைத்தது. காட்டுக்குள் வாய்க்கால் வெட்டி மீன் பிடிப்பது உங்கள் பாட்டன் காலத்துத் தொழில். தண்ணீர் எங்கே ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்பது உங்களைவிட யாருக்குத் தெரியும்?

அதனால் இப்படி எழுதுங்கள்: எந்த வாய்க்கால், எந்த மாதம் வாய் தூர்ந்துபோகிறது, எத்தனை வருஷமாக, அங்கே முன்பு என்ன மீன் விழுந்தது, இப்போது என்ன விழுகிறது. ஒரு பக்கம் போதும். கையால் ஒரு படம் வரைந்து சேருங்கள். திட்டம் எழுதும் அதிகாரி அதைக் கையில் பிடித்துக்கொண்டு களத்துக்குப் போக முடியும்.

சீமைக்கருவேலத்தை மொத்தமா அழிக்கணும்னு ஊரே கையெழுத்து போட்டுக் குடுத்தோம். எண்ணிக்கைக்கு மதிப்பில்லையா? (கோடியக்காடு)

ஊர் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதைக் கையெழுத்து காட்டும். எதை எங்கே செய்வது என்பதை அது காட்டாது. வெளிமான் மேயும் புல்வெளியில் கருவேலம் ஏறினால் கேடு, அங்கே முதலில் எடுக்க வேண்டும். கஜா புயல் 2018இல் பாலை மரங்களைச் சாய்த்துத் திறந்துவிட்ட இடங்களில் வேறு கணக்கு: கருவேலத்தை எடுத்த கையோடு உள்ளூர் மரம் வைக்காவிட்டால் அதுவே திரும்ப வரும். வெட்டினால் அடிமரம் துளிர்க்கும், வேரோடு பிடுங்க வேண்டும். மாடு காயைத் தின்று சாணத்தில் விதையைப் பரப்பும், ஆக மேய்ச்சலையும் பேசியாக வேண்டும். அந்த விறகை நம்பி அடுப்பெரிக்கும் பெண்களைக் கேட்டீர்களா? கேட்காமல் கொடுத்த மனுவை ஊர் மனு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நான் மன்னார்குடி காலேஜ் மாணவன். வடுவூருக்குப் பறவை பார்க்கப் போவேன். வெளியாள் சொன்னா எடுபடுமா? (மாணவர்)

எடுபடும் தம்பி. தேதி, இடம், எண்ணிக்கை போட்டு எழுதிய நோட்டு இருந்தால் நிச்சயம் எடுபடும். வடுவூர் 2022இல் ராம்சார் தலமானது, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற பட்டியலில் சேர்ந்தது, ஆனாலும் அது பாசன ஏரி. பறவைக்கு வேண்டிய தண்ணீர், மேட்டூர் திறப்பையும் ஆயக்கட்டு (ஏரித் தண்ணீர் பாயும் நிலம்) விவசாயியையும் பொறுத்தது. உங்கள் நோட்டோடு அந்த விவசாயிகளில் ஒருவரையும் கூட்டத்துக்குக் கூட்டிப் போங்கள்.

கூட்டத்துல பேசுனா போதுமா?

எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். கிராம சபையில் பேசினால் தீர்மானமாகப் பதியச் சொல்லுங்கள்.

போன தடவையும் சொன்னோம், ஒண்ணும் நடக்கல. திரும்ப எதுக்கு? (வேதாரண்யம்)

உங்கள் கோபம் நியாயமானது. நான் வேலை பார்த்த ஒரு காட்டில், நண்டு பிடிக்கும் பெண்கள் நடக்கும் தடத்தின் குறுக்கே வேலி போட்டார்கள். வரைவு முடிந்த பிறகுதான் அவர்களைக் கூப்பிட்டார்கள். அவர்கள் சொன்னது சரி என்று எல்லோருக்கும் தெரிந்தது, ஆனால் பணம் ஒதுக்கியாகிவிட்டது. இன்றுவரை அது என் மனதை உறுத்துகிறது.

நீங்கள் போன தடவை சொன்னது வரைவுக்கு முன்பா, பின்பா? காப்புக்காட்டின் (வனத்துறை ஒதுக்கிக் காக்கும் காட்டின்) செயல் திட்டம் பொதுவாகப் பத்தாண்டுக்கு ஒன்று. இப்போதைய திட்டம் எந்த ஆண்டு முடிகிறது, அடுத்ததன் வேலை எப்போது தொடங்குகிறது, உங்கள் மனு மேல் என்ன முடிவெடுத்தார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் தர வேண்டும். பதில் வந்ததும் என்னிடம் காட்டுங்கள், அடுத்த மனுவைச் சேர்ந்து எழுதுவோம்.