முதற்கட்டச் சோதனையில் ‘இருக்கலாம்’ என்று வந்தால்…

கேள்வி: என் மகனுக்கு எட்டு வயது, அரசுப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படிக்கிறான். ஓரிடத்தில் உட்காருவதில்லை, கரும்பலகையில் எழுதிப் போட்டதைப் பாதியில் விட்டுவிடுகிறான் என்று வகுப்பாசிரியை சொல்கிறார். உறவுக்காரப் பெண் அனுப்பிய கேள்விப் பட்டியலைக் கைப்பேசியில் நிரப்பினேன், ‘ஏ.டி.எச்.டி. இருக்கலாம்’ என்று வந்தது. பெங்களூரில் கட்டட வேலை செய்யும் என் கணவரோ, செல்போன் முன்னால் இரண்டு மணி நேரம் அசையாமல் இருப்பவனுக்கு என்ன குறை என்கிறார். மாமியார், ‘அவங்கப்பனும் இப்படித்தான் இருந்தான்’ என்கிறார். இதை உறுதியான முடிவாக எடுத்துக்கொள்ளலாமா? மாத்திரை கொடுக்க வேண்டி வருமா?
– ஒரு தாய், பாலக்கோடு

பதில்: உறுதியான முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம், அதற்காக ஒதுக்கித் தள்ளவும் வேண்டாம். ஸ்கிரீனிங் எனப்படும் முதற்கட்டச் சோதனை, முழுப் பரிசோதனை தேவைப்படும் எந்தக் குழந்தையும் தவறிப்போகக் கூடாது என்பதற்காக வலையைச் சற்று அகலமாகவே வீசுகிறது. அதில் சிக்கும் குழந்தைகளில் சிலருக்கு ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவு மிகை இயக்கக் குறைபாடு இருக்கும். சிலருக்கு வேறு காரணம் இருக்கும். சிலருக்கு வயதுக்குரிய துறுதுறுப்பைத் தவிர ஒன்றுமே இருக்காது. ரத்தப் பரிசோதனையோ மூளை ஸ்கேனோ இதை உறுதி செய்வதில்லை என்பதால், குழந்தையை அன்றாடம் பார்க்கிறவர்கள் சொல்லும் விவரங்களே மருத்துவருக்கு முதன்மையான ஆதாரம்.

ஆறு முதல் பன்னிரண்டு வயது வரையிலான குழந்தைகளுக்கு மருத்துவர்கள் பரவலாகப் பயன்படுத்துவது வாண்டர்பில்ட் படிவம். பெற்றோருக்கு ஒன்று, ஆசிரியருக்கு ஒன்று என்று அது இரண்டாக வரும். ஒவ்வொரு கேள்விக்கும் ‘ஒருபோதும் இல்லை, எப்போதாவது, அடிக்கடி, மிக அடிக்கடி’ என்ற நான்கில் ஒன்றைக் குறிக்க வேண்டும். கவனம் தொடர்பான ஒன்பது கேள்விகளிலோ, துறுதுறுப்பு, அவசரப் போக்கு தொடர்பான ஒன்பதிலோ குறைந்தது ஆறு கேள்விகளுக்கு ‘அடிக்கடி’ அல்லது ‘மிக அடிக்கடி’ என்று விழுந்தால்தான் கணக்கில் வரும். அதுவும் போதாது, படிப்பிலோ பிறரோடு பழகுவதிலோ அதனால் பாதிப்பு இருப்பதும் படிவத்தில் தெரிய வேண்டும். சேட்டை எவ்வளவு என்பதைவிட, அந்தச் சேட்டையால் குழந்தை எதை இழக்கிறான் என்பதே இங்கு முக்கியம். கைப்பேசியில் நீங்கள் நிரப்பியது எந்தப் படிவமாக இருந்தாலும், அதில் ஆசிரியையின் பங்கு இல்லை. வீடு, பள்ளி என்று குறைந்தது இரண்டு இடங்களிலாவது அறிகுறிகள் தென்பட வேண்டும், ஆறு மாதங்களாவது நீடித்திருக்க வேண்டும், பன்னிரண்டு வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும் என்பவை நோய் கண்டறிதலின் நிபந்தனைகள்.

எனவே, மருத்துவரிடம் போகும்போது படிவத்தோடு அவனுடைய நோட்டுகளையும் எடுத்துச் செல்லுங்கள். கணக்கு நோட்டில் முதல் மூன்று கணக்குகள் சரியாக இருந்து, நான்காவதில் கூட்டல் குறி கழித்தலாகி, ஆறாவதில் எண்களே விடுபட்டிருந்தால், போகப் போகக் கவனம் கலைகிறது என்பது செய்தி. முதல் கணக்கிலேயே தடுமாற்றம் என்றால், கணக்கே புரியவில்லையோ என்பது வேறு செய்தி. தொடக்க வகுப்புகளுக்கான எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அவன் அரும்பு, மொட்டு, மலர் ஆகியவற்றில் எந்தக் கற்றல் நிலையில் இருக்கிறான் என்று ஆசிரியையிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கவே சிரமப்படும் குழந்தை வகுப்பில் எழுந்து எழுந்து நடப்பது இயல்பு, அங்கே பார்க்க வேண்டியது கற்றல் குறைபாட்டை. வகுப்பிலேயே வயதில் இளையவனா என்பதையும் கவனியுங்கள். பத்து, பதினோரு மாதம் மூத்த பிள்ளைகளோடு ஒப்பிடும்போது இளைய பிள்ளை குறையுள்ளவனாகத் தோன்றுவது உலகெங்கும் காணப்படுவதுதான்.

காது, கண், தூக்கம் ஆகிய மூன்றையும் பார்க்காமல் இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது என்பது என் கருத்து. அடிக்கடி காதில் சீழ் வடியும் பிள்ளை சொன்னதைக் கேட்காததற்குக் காரணம் கவனக்குறைவாக இருக்க வேண்டியதில்லை. வாயைத் திறந்துகொண்டு குறட்டைவிட்டுத் தூங்கும் பிள்ளைக்கு மூக்கின் பின்புறச் சதை வீக்கத்தால் இரவுத் தூக்கம் கெட்டு, பகலில் துறுதுறுப்பு கூடலாம். ரத்தசோகையையும் பார்த்துவிட வேண்டும். சில நொடிகள் வெறித்துப் பார்த்து, தோளைத் தொட்டாலும் உணராமல் இருந்து, பிறகு ஒன்றும் நடக்காததுபோல் தொடர்ந்தால், அது வலிப்பின் ஒரு வகையாக இருக்கக்கூடும். அதைத் தனியாகச் சொல்லுங்கள்.

உங்கள் கணவர் கேட்பது நியாயமான கேள்வி. ஆனால் நொடிக்கு நொடி மாறும் படம் கவனத்தைத் தானே பிடித்து வைத்துக்கொள்கிறது. சலிப்பான வேலையில் தானாகக் கவனத்தை நிறுத்த முடிகிறதா என்பதே சோதனை. ஆகவே, செல்போனை வைத்து ‘இல்லை’ என்று முடிவு கட்ட முடியாது. மாமியார் சொன்னதை நான் சமாதானமாக எடுத்துக்கொள்ள மாட்டேன், தகவலாக எடுத்துக்கொள்வேன்: இந்தக் குறைபாட்டில் பரம்பரையின் பங்கு பெரிது என்பதால், கணவரின் பள்ளிப் பருவத்தைப் பற்றி மாமியாரிடம் விரிவாகக் கேட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். கணவர் வெளியூர் வேலைக்குப் போன பிறகுதான் இந்த மாற்றம் என்றால் அதையும் மறைக்க வேண்டாம். அப்பாவைத் தேடும் ஏக்கமும் இப்படி வெளிப்படும்.

பிறந்த குழந்தை முதல் 18 வயது வரையிலானோருக்கான தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில் ஏ.டி.எச்.டி.யும் சேர்க்கப்பட்டிருக்கிறது; பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் ஆசிரியை மூலம் சொன்னால், குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளைப் பார்க்கும் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். நேரடியாகப் போவதென்றால் தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகள் நலப் பிரிவில் தொடங்கி மனநலப் பிரிவுக்குச் செல்லலாம். எடுத்த எடுப்பில் பெங்களூருக்கு ஓட வேண்டியதில்லை. மாத்திரை பற்றிய பேச்சு நோய் உறுதியான பிறகுதான். அப்போதும் வீட்டிலும் வகுப்பிலும் செய்ய வேண்டிய மாற்றங்கள் அதோடு சேர்ந்தே வரும்.

கேள்வி: ஓசூரில் தொழிற்சாலையில் தரப் பரிசோதகராக இருக்கிறேன்; வயது 27. பெரியவர்களுக்கான ஆறு கேள்விச் சோதனையில் நான்கு வந்தது. எனக்கு ஏ.டி.எச்.டி. உண்டா?
– ஒரு வாசகர், ஓசூர்

பதில்: உலக சுகாதார நிறுவனத்தின் அந்தச் சோதனையில் நான்கு என்பது, ‘மேற்கொண்டு பார்க்க வேண்டும்’ என்பதற்கான எல்லை, அவ்வளவுதான். வாரம் ஒரு முறை மாறும் ஷிஃப்டில் தூக்கம் குறைந்தாலும், மனச்சோர்வு இருந்தாலும், தைராய்டு கோளாறு இருந்தாலும் இதே விடைகள் வரக்கூடும். பள்ளி நாட்களிலும் இப்படித்தான் இருந்தீர்களா என்பதுதான் மருத்துவர் கேட்கப்போகும் முதல் கேள்வி; அதற்கு உங்கள் நினைவைவிடப் பழைய மதிப்பெண் அட்டையும் அம்மாவின் சொல்லும் நம்பகமானவை. கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகும்போது, கடந்த ஒரு மாதத்தின் ஷிஃப்டு நேரங்களையும் தூங்கிய நேரங்களையும் ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். போவதற்கு முன் யாரிடமாவது பேச வேண்டும் என்று தோன்றினால், 14416 என்ற டெலி மானஸ் எனும் அரசு மனநல ஆலோசனை எண்ணில் தமிழிலேயே பேசலாம்.