முதுகில் கோலமா, மயிலா?

கேள்வி: எனக்கு வயது 29. ஈரோட்டில் ஒரு தனியார் வங்கியில் வேலை செய்கிறேன். முதுகில் டாட்டூ போட்டுக்கொள்ள ரொம்ப நாளாக ஆசை. கழுத்திலிருந்து இடுப்பு வரை தோகை இறங்கும் வண்ண மயில் படம் ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன். முதுகுத்தண்டோடு நேராக இறங்கும் சிக்குக் கோலமும் பிடித்திருக்கிறது. என்னை வளர்த்த பாட்டியின் பெயர் 'கண்ணம்மா' எங்காவது இடம்பெற வேண்டும். நான் மாநிறம், வேலைக்குப் பெரும்பாலும் புடவைதான். "நாளைக்குப் பிரசவம்னா முதுகில் ஊசி போட மாட்டாங்க" என்று அம்மா பயமுறுத்துகிறார். எதைத் தேர்ந்தெடுக்கலாம்? – எஸ்., ஈரோடு.

பதில்: கோலத்தையே வைத்துக்கொள்ளுங்கள். மயில் வேண்டுமென்றால் கறுப்பு மயிலாக மாற்றிக்கொள்ளுங்கள், அதுவும் வேறு இடத்தில். இப்படிச் சொல்லக் காரணம் உங்கள் தோலின் நிறமும் முதுகின் அமைப்பும்தான்.

டாட்டூ மை மேல்தோலில் நிற்பதில்லை. அதற்கு அடியில், ஒன்றிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில் உள்தோலில் தங்குகிறது. நமக்கு நிறம் தரும் மெலனின் இருப்பதோ மேல்தோலில். அதனால் எந்த வண்ணத்தையும் உங்கள் மாநிறத்தின் ஊடாகத்தான் பார்க்கப் போகிறீர்கள். கறுப்பு நன்றாகவே நிற்கும். அடர் சிவப்பு, அடர் நீலம், அடர் பச்சை ஓரளவு தாக்குப்பிடிக்கும். மஞ்சள், வெளிர் நீலம், ரோஸ், வெள்ளை ஆகியவை புண் ஆறியதுமே மங்கத் தொடங்கும். மயில் தோகையின் அழகே அந்தக் கண்களில் மின்னும் பொன்மஞ்சளும் வெளிர் பச்சையும்தான். அவை மங்கிவிட்டால் மிச்சம் இருப்பது அழுக்குப் படிந்தது போன்ற ஒரு திட்டு. நீங்கள் வைத்திருக்கும் படம் அநேகமாக வெளுத்த தோலில், போட்ட அன்றே, வெளிச்சம் கூட்டி எடுத்ததாக இருக்கும். டாட்டூ கலைஞரிடம் போனால், மாநிற முதுகில் போட்டு ஒரு வருடமாவது ஆன வேலையின் படம் இருக்கிறதா என்று கேளுங்கள். அது இல்லாத இடத்தில் வண்ண வேலைக்குக் கொடுக்க வேண்டாம். இன்னொன்று, மை ஒவ்வாமையில் அரிப்பும் தடிப்பும் அதிகம் தருவது சிவப்பு மைதான். சில சமயம் மாதங்கள் கழித்துக்கூட வரும்.

நம் பாட்டிமார் முன்கையில் குத்திக்கொண்ட பச்சையிலும் கோலங்கள் நிறைய உண்டு. குறத்திகள் குத்திவிட்ட அந்த மைக்கு அடிப்படை கரிதான். கரி தோலுக்கு அடியில் போனதும் நீலப்பச்சையாகத் தெரிவதால்தான் அதற்குப் 'பச்சை' என்று பேர். ஐம்பது வருடம் கழித்தும் கோடு தெரிகிறதே, அதற்குக் காரணம் அந்தக் கறுப்பும் கோடுகளுக்கு நடுவே தாராளமாக விட்ட இடமும்தான்.

இடம் விடுவதில்தான் இன்று பலர் கோட்டை விடுகிறார்கள். தோலில் எந்தக் கோடும் வருடம் போகப்போகக் கொஞ்சம் அகலும். அதனால் சிக்குக் கோலத்தைச் சுருக்கி, நெருக்கிப் போட்டால் பத்து வருடத்தில் சிக்கு மட்டும்தான் மிஞ்சும். கணக்குப் போட்டே பார்க்கலாம். நேர்ப்புள்ளியில் 1, 3, 5, 3, 1 என்று சாய்சதுரமாக வரும் 13 புள்ளிக் கோலத்தை எடுத்துக்கொள்வோம். புள்ளிக்குப் புள்ளி 12 மில்லிமீட்டர் வைத்தால், ஓர வளைவுகளையும் சேர்த்துக் கோலம் 6 சென்டிமீட்டர் அகலம், 6 சென்டிமீட்டர் உயரம் வரும். கோடு ஒரு மில்லிமீட்டர், புள்ளி இரண்டு மில்லிமீட்டர் என்றால், புள்ளிக்கும் அதைச் சுற்றும் கோட்டுக்கும் நடுவே சுமார் 3 மில்லிமீட்டர் வெறும் தோல் நிற்கும். இது போதும். அதே கோலத்தை 'நாசூக்காக இருக்கட்டும்' என்று புள்ளிக்குப் புள்ளி 5 மில்லிமீட்டராகக் குறைத்தால், நடுவில் ஒரு மில்லிமீட்டர்கூடத் தேறாது. ஆறின கையோடு புள்ளியும் கோடும் ஒட்டிக்கொள்ளும்.

எனவே 6 சென்டிமீட்டர் கோலம் நான்கை ஒன்றின்கீழ் ஒன்றாகக் கோத்தால் 24 சென்டிமீட்டர். உங்கள் முதுகுக்கு அது அளவாக இருக்கும். கழுத்தைக் குனிந்தால் பிடரியின் அடியில் துருத்தும் எலும்பு கைக்குத் தட்டுப்படும். அதற்கு மூன்று விரல் கீழே தொடங்குங்கள். கோடுகள் ஒன்றையொன்று வெட்டும் இடங்களை மட்டும் கலைஞரிடம் தனியாகப் பேசுங்கள். ஒரே புள்ளியில் ஊசி இரண்டு முறை போனால் அங்கே தோல் நைந்து மை கசியும். ஒரு கோட்டை முழுதாக விட்டு, மற்றதை அந்த இடத்தில் நூலளவு நிறுத்தித் தொடரச் சொல்லுங்கள். பின்னல் மேலும் கீழுமாகப் போவதுபோல அழகாகவும் இருக்கும். தண்டெலும்புக்கு மேலே தோல் மெல்லியது. ஊசி அழுந்திவிட்டால் மை கொழுப்புப் படலத்துக்குள் பரவி, கோட்டைச் சுற்றி நீல நிழல் விழும். அதை அழிக்க லேசர்தான் வழி. இறகு வேலையில் கைதேர்ந்தவரைவிட, நீளமான வளைகோட்டை நடுக்கமில்லாமல் இழுப்பவரே உங்களுக்குத் தேவை.

மயிலில் ஓர் இறகு கோணினால் யாருக்கும் தெரியாது. கோலத்தில் ஒரு புள்ளி விலகினாலும் கண் அங்கேதான் போகும். ஆகவே ஸ்டென்சில், அதாவது படத்தைத் தோலில் பதிக்கும் அச்சுத்தாள், ஒட்டும் நேரத்தில் அவசரப்படாதீர்கள். படுத்தபடி ஒட்டவே கூடாது. நேராக நின்று, கைகளைத் தொங்கவிட்டு, எதிரே பார்த்தபடி ஒட்ட வேண்டும். கையைத் தூக்கினாலே தோள்பட்டை எலும்பு நகர்ந்து தோலை இழுத்துவிடும். முதுகுத்தண்டு சற்றே வளைந்திருப்பது சகஜம் என்பதால் எலும்பை மட்டும் நம்பிப் போகாமல், பிடரி நடுவிலிருந்து இடுப்பு நடுவுக்கு நூல் பிடித்துக் குறிக்கச் சொல்லுங்கள். ஒட்டியபின் ஆறேழு அடி தள்ளி நின்று போனில் படம் எடுக்கச் சொல்லிப் பாருங்கள். கோணலாக இருந்தால் துடைத்துவிட்டு மறுபடி ஒட்டலாம். நான்காவது முறை கேட்கவும் கூச்சப்படாதீர்கள். திருப்தியானபின் கால் மணி நேரம் காயவிட்டு ஆரம்பித்தால் ஸ்டென்சில் அழியாது.

அம்மா சொல்வதில் பாதி சரி. டாட்டூ இருக்கிறது என்பதற்காகவே முதுகில் ஊசி போட மறுப்பதில்லை. மை உள்ள தோல் வழியாக ஊசி போனால் மைத்துகள் உள்ளே போகலாம் என்ற சந்தேகம் மயக்கவியல் மருத்துவர்களுக்கு உண்டு. அதனால் மை இல்லாத இடமாகப் பார்த்துக் குத்துவார்கள், இல்லையென்றால் தோலைச் சிறிதாகக் கீறி அதன் வழியே போடுவார்கள். ஆறாத புதுப் புண்ணின் மேல்தான் குத்த மாட்டார்கள். நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: இரண்டு பக்க இடுப்பெலும்பின் மேல்முனைகளை இணைத்து முதுகில் ஒரு கோடு வரையுங்கள். அதற்கு மேலே நான்கு விரலும் கீழே இரண்டு விரலும் நடுமுதுகில் வெறுமையாக இருக்கட்டும். மேலே சொன்ன 24 சென்டிமீட்டர் கோலம் அதற்கு முன்பே முடிந்துவிடும். இப்போதே கர்ப்பமாகவோ, பால் கொடுப்பவராகவோ இருந்தால் டாட்டூவைத் தள்ளிப்போடுங்கள்.

புடவை கட்டுபவர் என்பதால் ரவிக்கை விஷயம் முக்கியம். அலுவலகத்துக்குப் போடும் ரவிக்கையையும், விசேஷத்துக்குப் போடும் ஆழமான கழுத்து ரவிக்கையையும் அடுத்தடுத்து அணிந்து, பின்கழுத்து விளிம்பை ஐலைனரால் முதுகில் குறித்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் கோலத்தைப் பாதியில் வெட்டுவதுபோல ரவிக்கை விளிம்பு விழுந்தால் பார்க்க நன்றாக இருக்காது. அலுவலக ரவிக்கைக்குள் முழுவதும் மறைய வேண்டும், விசேஷ ரவிக்கையில் ஒரு கோலமாவது முழுதாகத் தெரிய வேண்டும். அதற்கேற்ப அரை அங்குலம் ஏற்றி இறக்கிக்கொள்ளலாம். முடிவு செய்யும் முன் சாதாரண மருதாணியால் வரைந்து ஒரு வாரம் பழகிப் பாருங்கள். உடனே கறுக்கும் 'கறுப்பு மெஹந்தி' வேண்டாம்; அதில் சேர்க்கும் தலைச்சாய ரசாயனம் கொப்புளமும் நிரந்தரத் தழும்பும் தரக்கூடியது.

இனி பாட்டியின் பெயர். கோலத்துக்குள் அதை நுழைக்காதீர்கள், இரண்டும் கெடும். வலது தோள்பட்டை எலும்பின் மேல் தனியாகக் கிடையாக எழுதுங்கள். 'கண்ணம்மா'வில் இரண்டு ண வருகிறது. அந்தச் சுழிகளின் உள் இடைவெளிதான் முதலில் அடைபடும். எழுத்தின் உயரம் 15 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. ண், ம் இரண்டின் மேல்புள்ளியும் எழுத்தைத் தொடாமல் இரண்டு மில்லிமீட்டர் தள்ளி நிற்கட்டும். எழுத்துகளை ஒன்றின்கீழ் ஒன்றாக அடுக்கும் பாணி தமிழுக்குச் சரிப்படுவதில்லை, படிக்கவே நிதானம் தேவைப்படும். பெயரைச் செய்தியாகத் தட்டி அனுப்பாதீர்கள், படமாகவே கொடுங்கள். டிசைன் செய்யும் சில மென்பொருள்களில் தமிழ் உடைந்து, கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் உட்காரும், மேல்புள்ளி பக்கத்தில் விழும். பாட்டியின் பெயரில் கொம்பு இல்லாதது நல்லதாகப் போயிற்று. தமிழ் படிக்கத் தெரியாத கலைஞர் என்றால், ஸ்டென்சில் முதுகில் ஏறியபின் தமிழ் தெரிந்த ஒருவர் எழுத்தெழுத்தாகப் படித்துச் சொல்லாமல் ஊசி வைக்க விடாதீர்கள்.

மயிலை விட மனமில்லையென்றால் பின்னொரு நாள் இடது தோள்பட்டையில் கறுப்பு நிழல் வேலையாகப் போடலாம். தலை முதுகுத்தண்டைப் பார்த்திருக்க வேண்டும். வெளிப்பக்கம் திரும்பினால் முதுகை விட்டு ஓடுவதுபோல இருக்கும். மல்லிகைச் சரம் கேட்கும் பெண்களுக்கும் இதே யோசனைதான்: வெள்ளை மை வேண்டாம், பூவின் வெள்ளைக்குத் தோலையே விட்டுச் சுற்றிலும் கறுப்பு நிழல் கொடுங்கள்.

போடும் முன் உங்கள் தோலைச் சோதிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. இடது மேற்கையில் குழந்தையில் போட்ட பிசிஜி தடுப்பூசித் தழும்பைத் தடவிப் பாருங்கள். அது பள்ளமாக இருந்தால் நல்லது. தடித்து, வளர்ந்து, அவ்வப்போது அரித்தால் உங்களுக்குக் கெலாய்டு, அதாவது புண்ணைத் தாண்டி வளரும் தடித்த தழும்பு, வரும் உடம்பு. காது குத்திய இடத்தில் உருண்டை கட்டியிருந்தாலும் அப்படித்தான். தோள்பட்டையும் மேல்முதுகும் கெலாய்டு எளிதில் வரும் இடங்கள் என்பதால், தோல் மருத்துவரைப் பார்க்காமல் போகாதீர்கள். முதுகில் தேமல் இருந்தால் அதை முதலில் குணப்படுத்துங்கள். வியர்க்கும் ஊரில் அது நிறையப் பேருக்கு இருக்கிறது, தெரிவதே இல்லை. பருக்கள் இருக்கும்போது குத்தக் கூடாது. மச்சத்தின் மேல் மை ஏற்றாமல் ஒரு சென்டிமீட்டர் தள்ளிப் போங்கள். பின்னாளில் மச்சத்தின் நிறமோ வடிவமோ மாறினால் தெரிய வேண்டும். சர்க்கரை நோய், ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை, பருவுக்கான ஐசோட்ரெடினாயின் மாத்திரை இருந்தால் உங்கள் மருத்துவரிடம் கேட்டபின் நாள் குறியுங்கள்.

கடையில் கவனிக்க வேண்டியவை: ஊசி உறை உங்கள் கண்முன் பிரிக்கப்பட வேண்டும், காலாவதித் தேதி பாருங்கள். மையைச் சிறு கிண்ணத்தில் ஊற்றி, மிச்சத்தை எறிந்துவிட வேண்டும். பாட்டிலுக்குத் திருப்பி ஊற்றினால் எழுந்து வந்துவிடுங்கள். மையில் குழாய்த் தண்ணீர் கலக்கக் கூடாது. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டிருக்காவிட்டால் மூன்று தவணையும் முடிய ஆறு மாதம் ஆகும், அதற்கேற்பத் திட்டமிடுங்கள். மரத்துப்போகும் களிம்பை முதுகு முழுக்கப் பூசிப் பிளாஸ்டிக் சுற்றுவது ஆபத்து. மருந்து அளவுக்கு மீறி ரத்தத்தில் கலந்துவிடும். சதுர அங்குலக் கணக்கில் காசு வாங்குவார்கள் என்றால், கோலத்தைச் சுற்றிய முழுச் செவ்வகத்துக்கா, மை படும் இடத்துக்கு மட்டுமா என்று முன்பே கேளுங்கள். உங்கள் 24-க்கு 6 சென்டிமீட்டர் செவ்வகமே 22 சதுர அங்குலத்துக்கு மேல் வருகிறது. கோலத்தை ஒரே அமர்வில் முடிக்க முடியாவிட்டால், மூன்று நான்கு வாரம் விட்டுத் தொடரலாம்.

நவம்பர் முதல் பிப்ரவரிக்குள் போடுவது உத்தமம். ஈரோட்டு ஏப்ரல் வெயிலில் வியர்வையே புண்ணைக் கெடுத்துவிடும். முதுகு உங்கள் கைக்கு எட்டாது. முதல் இரண்டு வாரம் காலை மாலை கழுவி, ஒற்றி, களிம்பை மெல்லிசாகப் பூசிவிட ஒருவர் வேண்டும். வாசனையில்லாத சோப்பு, வெதுவெதுப்பான தண்ணீர் போதும். மஞ்சள், தேங்காயெண்ணெய் எதுவும் தடவாதீர்கள். எண்ணெய் தேய்த்துத் தொங்கும் பின்னல் நாள் முழுக்க முதல் கோலத்தை உரசும் என்பதால் கொண்டையாக உயர்த்திக் கட்டுங்கள். பிரா கொக்கியும் ரவிக்கைத் தையலும் சரியாகக் கோலத்தின் மேல்தான் வரும். ஆகவே நாலைந்து நாள் விடுப்பு எடுத்து, பழைய பருத்திச் சட்டையில் இருந்துவிடுங்கள். குப்புற அல்லது ஒருக்களித்துத் தூங்குங்கள். பொருக்கைப் பிய்த்தால் அந்த இடத்தில் மையும் போய்விடும். ஆறு, குளம், கடல், நீச்சல் குளம் மூன்று வாரத்துக்கு வேண்டாம். மூன்றாம் நாளுக்குப் பிறகு சிவப்பு குறையாமல் பரவினாலோ, சீழ், காய்ச்சல் வந்தாலோ டாட்டூ கடைக்குப் போகாமல் மருத்துவரிடம் போங்கள்.

ரத்ததானம் செய்பவராக இருந்தால் போட்ட நாளிலிருந்து 12 மாதம் கொடுக்க முடியாது. ராணுவத் தேர்வுக்குத் தயாராகும் தங்கை, தோழி யாராவது உங்களோடு சேர்ந்து போட வந்தால் தடுத்துவிடுங்கள். அங்கே முன்கையின் உட்பக்கமும் புறங்கையும் தவிர வேறு இடத்தில் நிரந்தரப் பச்சை இருந்தால் ஏற்பதில்லை, பழங்குடியினருக்கு மட்டும் விலக்கு உண்டு.

மேல்தோல் இரண்டு மூன்று வாரத்தில் ஆறிவிடும். ஆறாவது வாரம் பகல் வெளிச்சத்தில் கோலத்தைப் படம் எடுத்து, கோடு விட்டுப்போன இடங்களைக் குறித்துக்கொண்டு ஒரு முறை திருத்தம் செய்துகொள்ளுங்கள். பல கடைகளில் முதல் திருத்தத்துக்குத் தனியாகக் காசு வாங்குவதில்லை, ஆனால் அதை முன்பணம் கொடுக்கும்போதே பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.