முள் பூஜ்யத்தில் நிற்கிறது, திறக்கலாமா?

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அழுத்தக் குழாய்களையும் பூட்டு (வேலை நடக்கும்போது யாரும் இயக்காமல் தடுப்பது), பெர்மிட் (வேலைக்கான எழுத்து அனுமதி) விவகாரங்களையும் பற்றியவை. நீளமான கேள்விகளைச் சுருக்கியிருக்கிறேன். ஃபிட்டராகச் சேர்ந்து பராமரிப்பு ஃபோர்மேனாக ஓய்வு பெற்றவன் நான். பதிலில் அங்கங்கே அதட்டல் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வால்வை மூடிவிட்டோம். கேஜும் (அழுத்தமானி) பூஜ்யம் காட்டுகிறது. அப்படியிருந்தும் எங்கள் சேஃப்டி ஆபீசர் ஃபிளேஞ்சைக் (குழாய்களை போல்ட் போட்டு இணைக்கும் வளையம்) கழற்ற விடாமல் இழுத்தடிக்கிறார். இதெல்லாம் தேவையா? — பைப் ஃபிட்டர் ஒருவர்

தேவை. நான் அவர் பக்கம்தான்.

முதலில் கேஜைப் பார்ப்போம். 25 பார் (அழுத்தத்தின் அலகு) வரை காட்டும் கேஜில் 0.2 பார் மிச்சமிருந்தால் முள்ளின் தடிமனிலேயே அது மறைந்துவிடும். ‘0.2 தானே’ என்று தோன்றும். 60 சென்டிமீட்டர் விட்டமுள்ள மேன்ஹோல் மூடியின் பரப்பு சுமார் 2,800 சதுர சென்டிமீட்டர். அந்த 0.2 பார் அதை ஏறக்குறைய 570 கிலோ விசையுடன் உள்ளிருந்து தள்ளிக்கொண்டிருக்கும். கடைசி போல்ட்டை எடுக்கும்போது மூடி எந்தப் பக்கம் போகும், நீங்கள் எந்தப் பக்கம் நிற்பீர்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள். இதுவும் கேஜ் ஒழுங்காக இருந்தால்தான். கேஜுக்குக் கீழே உள்ள சின்ன வால்வை யாராவது மூடி வைத்திருக்கலாம். அதற்குப் போகும் மெல்லிய குழாய் அடைத்திருக்கலாம். முள்ளே சிக்கி நின்றிருக்கலாம். எல்லாவற்றிலும் கேஜ் பூஜ்யம்தான் காட்டும்.

அடுத்தது வால்வு. பல வருடம் ஓடிய கேட் வால்வின் சீட்டில் துருவும் கசடும் படிந்திருக்கும். சக்கரத்தை எவ்வளவு இறுக்கினாலும் கொஞ்சம் கொஞ்சமாக ‘பாஸ்’ ஆகும். காலையில் காலியாக இருந்த லைன், சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் மறுபடி ஏறியிருக்கும். அதனால்தான் ஒரு வால்வை நம்பக் கூடாது என்கிறோம். இரண்டு வால்வுகளை மூடி, இடையில் உள்ள பிளீடரைத் (அழுத்தத்தை வெளியேற்றும் சிறு வால்வு) திறந்து வைத்தால், முதல் வால்வில் கசிவது உங்கள் முகத்துக்கு வராமல் அங்கேயே வெளியேறிவிடும். வேலை நாள்கணக்கில் நீளும் என்றாலோ, ஆள் உள்ளே இறங்க வேண்டும் என்றாலோ, பிளைண்ட் (குழாயை அடைக்கும் கெட்டித் தகடு) போடுங்கள், அல்லது குழாயில் ஒரு துண்டையே கழற்றி வையுங்கள்.

பிளீடரும் ஏமாற்றும். ஒரு ஆலையில் கம்ப்ரஸ்டு ஏர் லைனில் பிளீடரைத் திறந்தார்கள், ஒன்றும் வரவில்லை. “காலி அண்ணே” என்றான் உதவிக்கு இருந்த பையன். மூத்த ஃபிட்டர் பதில் சொல்லாமல் பக்கவாட்டில் ஒதுங்கி நின்று, வாய்க்கு நேரே கை வராமல் ஒரு கம்பியை விட்டுக் குத்தினார். துருச் சில்லு ஒன்று தெறித்து எதிர்ச் சுவரில் ‘டிங்’ என்று பட்டது. அப்புறம் ஆரம்பித்த சீறல் வெகுநேரம் நிற்கவில்லை. (எரிவாயு, அமிலம், நீராவி லைன்களில் இப்படி வெறும் கம்பியை விடாதீர்கள். அதற்கென்று சீல் வைத்த கருவி இருக்கிறது.) பிளீடரிலிருந்து ஏதாவது வந்து, குறைந்து, நின்றால்தான் லைன் காலி என்பேன். எதுவுமே வராத பிளீடரை நான் நம்புவதில்லை.

இவ்வளவும் செய்த பிறகும், உள்ளே முழு அழுத்தம் இருப்பதாக நினைத்தே கழற்றுங்கள். உங்களுக்கு எதிர்ப்புறம், தள்ளி இருக்கும் போல்ட்டை முதலில் தளர்த்த வேண்டும். நட்டை முழுதாக எடுக்காமல் சில மரைகளில் நிற்க விட்டு, ஃபிளேஞ்சை மெல்ல விலக்கி கேஸ்கெட்டின் (இடையில் உள்ள அடைப்பு வளையம்) பிடியை விடுவியுங்கள். மிச்சமிருப்பது உங்களுக்கு எதிர்த்திசையில் கசியும். அது நின்ற பிறகே நட்டை எடுங்கள். நீராவி லைனில் ஆறும் வரை காத்திருப்பதும் கட்டாயம். 7 பார் லைனில் தேங்கிய தண்ணீர் சுமார் 170 டிகிரியில் இருக்கும். வெளிக்காற்றைக் கண்டதும் அதில் ஒரு பகுதி நொடியில் ஆவியாகிவிடும்.

எமர்ஜென்சி ஸ்டாப்பை அமுக்கிவிட்டு, மெஷினில் சிக்கிய துண்டைக் கையால் எடுக்கலாமா? — பயிற்சி மாணவர்

கூடாது. அந்தப் பொத்தானை யார் வேண்டுமானாலும் விடுவிக்கலாம். சிலிண்டரில் இருக்கும் காற்று, தூக்கி நிற்கும் பாரம், அமுங்கிய ஸ்பிரிங் எதுவும் அதற்குக் கட்டுப்படுவதில்லை. துண்டை நீங்கள் இழுத்ததும்தான் அவை மிச்ச தூரத்தை முடிக்கும்.

சூப்பர்வைசர் பிரேக்கரில் பூட்டுப் போட்டிருக்கிறார். நாங்கள் ஐந்து பேரும் தனித்தனியாகப் பூட்டுப் போட வேண்டுமா? ஒரு முறை ஒருவர் தன் பூட்டைத் திறக்காமலே வீட்டுக்குப் போய்விட்டார். வெட்டி எடுத்துவிட்டோம். அது தப்பா? — எலக்ட்ரீஷியன்

ஆமாம், ஐந்து பேரும் போட வேண்டும். சூப்பர்வைசரின் பூட்டு சூப்பர்வைசரைத்தான் காப்பாற்றும். அவர் வேறு வேலையாகப் போய், ‘எல்லாரும் முடித்திருப்பார்கள்’ என்று சாவியைத் திருப்பினால் உள்ளே இருப்பது உங்கள் கை. பல பூட்டுகள் மாட்டும் ஹாஸ்ப் இருக்கிறது. பத்திருபது இடங்களில் தடுக்க வேண்டிய வேலை என்றால் அந்தச் சாவிகளை ஒரு பெட்டியில் போட்டு, பெட்டிக்கு ஒவ்வொருவரும் தன் பூட்டைப் போடலாம். பூட்டிய பிறகு ஸ்டார்ட் பொத்தானை ஒரு முறை அமுக்கிப் பாருங்கள். பக்கத்து மோட்டாரின் பிரேக்கரைப் பூட்டிவிட்டு வந்தவர்களை அந்த ஒரு அமுக்கல்தான் காட்டிக்கொடுக்கும். பார்த்ததும் மறுபடி ஆஃப் நிலைக்குக் கொண்டுவர மறக்காதீர்கள். எலக்ட்ரீஷியன் உங்களுக்குத் தெரியாததில்லை: டெஸ்டரை முதலில் மின்சாரம் இருக்கும் இடத்தில் சோதித்து, பிறகு வேலை செய்யும் இடத்தில் பார்த்து, மறுபடி முதல் இடத்தில் சோதிக்க வேண்டும்.

வெட்டிய பூட்டுக்கு வருகிறேன். அமெரிக்காவில் 1989-இல் வந்த பூட்டு விதி இதைத் தெளிவாகச் சொல்கிறது. பூட்டின் சொந்தக்காரர் ஆலைக்குள் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். அவரைத் தொடர்புகொள்ள முடிந்த அளவு முயல வேண்டும். அவர் திரும்பி வேலையைத் தொடங்கும் முன் பூட்டு எடுக்கப்பட்ட விஷயம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இதை நிர்வாகத்தின் பொறுப்பில், எழுதி வைத்த முறைப்படிதான் செய்யலாம். போன் அடித்துப் பார்க்காமல் கட்டரை எடுத்திருந்தால் அது தப்புதான்.

எல்லாம் பெர்மிட் தாளில் எழுதியிருக்கிறது. ஷிஃப்ட் மாறும்போது வாயாலும் சொல், நேரில் கூட்டிப்போய்க் காட்டு என்கிறார்கள். வீட்டுக்குப் போக நேரமாகிறது! — ஆபரேட்டர்

1988 ஜூலை 6, வடகடலில் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடை. இரண்டு பம்புகளில் ஒன்றின் சேஃப்டி வால்வைச் சோதனைக்காகக் கழற்றியிருந்தார்கள். மாலைக்குள் வேலை முடியவில்லை. திறந்த குழாய் வாயில் ஒரு பிளைண்ட் ஃபிளேஞ்ச் வைத்துவிட்டுப் போனார்கள். இரவு மற்றப் பம்பு நின்றுவிட்டது. இரவு ஷிஃப்டுக்கு, முதல் பம்பில் பராமரிப்பு வேலை இருப்பது தெரியும். அந்த வேலை தொடங்கவே இல்லை என்பதும் தெரியும். சேஃப்டி வால்வு கழற்றியிருப்பது மட்டும் தெரியாது. அதற்குத் தனி பெர்மிட். வால்வு இருந்த இடமும் பம்பிலிருந்து தள்ளி, கண்ணில் படாத மூலையில். பம்பை ஓட விட்டார்கள். இறுக்கமாக இல்லாத அந்த ஃபிளேஞ்சில் கசிந்தது பற்றிக்கொண்டது என்பதே விசாரணை வந்தடைந்த முடிவு. இறந்தவர்கள் 167 பேர்.

தாள் இருந்தது ஐயா. அடுத்த ஷிஃப்ட் ஆளைக் கூட்டிப்போய்க் காட்டிவிட்டுக் கிளம்புங்கள், பஸ் போனால் அடுத்த பஸ்.

ஹைட்ராலிக் ஹோஸில் எங்கோ ஊசித்துளைக் கசிவு. கையால் தடவிப் பார்த்தால்தானே இடம் தெரியும்? — மெக்கானிக்

தடவாதீர்கள். சுமார் 7 பார் இருந்தாலே எண்ணெய் தோலைத் துளைத்துவிடலாம் என்பார்கள். உங்கள் மெஷின் ஓடுவது நூற்றைத் தாண்டிய பாரில். பீய்ச்சும் எண்ணெய் கண்ணுக்கே தெரியாது. குத்தியதும் முள் பட்டது மாதிரி ஒரு புள்ளி, லேசான எரிச்சல். அதைத் துடைத்துக்கொண்டு வேலையைப் பார்ப்பவர்கள்தான் மறுநாள் வீங்கிய கையோடு வருகிறார்கள். சிலருக்கு விரலையே எடுக்க வேண்டியிருக்கிறது. புள்ளி எவ்வளவு சின்னதானாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ‘அதிக அழுத்தத்தில் எண்ணெய் தோலுக்குள் போய்விட்டது’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், எண்ணெயின் விவரத் தாளையும் கொண்டுபோங்கள். வெறும் குத்துக் காயமாக நினைத்துக் கட்டுப்போட்டு அனுப்பிவிடக் கூடாது.

கசிவைத் தேட, நீளமான அட்டைத் துண்டை எட்ட நின்று காட்டினால் போதும். சரிசெய்வது அழுத்தத்தை இறக்கிய பிறகுதான். பம்பை நிறுத்தினாலும் அக்குமுலேட்டரில் (அழுத்தத்தைச் சேமிக்கும் கலம்) நைட்ரஜன் எண்ணெயைத் தள்ளிக்கொண்டே இருக்கும் என்பது நினைவிருக்கட்டும்.

கன்ட்ரோல் வால்வுக்குப் போகும் காற்றை நிறுத்தினேன். அதுவாக நகர்ந்து மூடிக்கொண்டது. பழுதா? — இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியன்

பழுதில்லை. காற்று போனால் ஸ்பிரிங் மூடும்படி செய்த வால்வு அது. திறக்கும்படி செய்ததும் உண்டு. எது என்று தெரியாமல் காற்றை நிறுத்தினால், நீங்கள் தடுக்க நினைத்த பொருளை நீங்களே திறந்துவிட்டதாக ஆகும். ஆக்சுவேட்டரைப் (வால்வை நகர்த்தும் பகுதி) பிரிப்பதென்றால் தயாரிப்பாளரின் கையேடு இல்லாமல் கை வைக்காதீர்கள்.

புதுக் குழாயைத் தண்ணீருக்குப் பதில் காற்றால் டெஸ்ட் செய்தால் காய வைக்கும் வேலை மிச்சமாகுமே? — கான்ட்ராக்டர்

ஒரு கனமீட்டர் கொள்ளளவில் 10 பாருக்கு அழுத்திய தண்ணீரில் தங்கும் ஆற்றல் சில நூறு ஜூல். அதே இடத்தில் காற்று என்றால் பத்து லட்சம் ஜூலுக்கு மேல். வெல்டிங் விட்டுப்போனால் முதலாவது தரையை நனைக்கும். இரண்டாவது குழாயைத் துண்டுகளாக வீசும். தண்ணீரின் எடையைத் தாங்க முடியாத லைன், ஈரமே படக்கூடாத லைன் என்றால் காற்று டெஸ்ட் செய்யத்தான் வேண்டும். ஆனால் பொறியாளர் கணக்குப் போட்டு, சுற்றுவட்டாரத்தைக் காலி செய்து, படிப்படியாக ஏற்ற வேண்டும். தண்ணீர் டெஸ்டிலும் உச்சியில் உள்ள வென்ட்டைத் திறந்து வைத்து நிரப்புங்கள். குமிழ் இல்லாமல் வழிந்த பிறகு மூடுங்கள். உள்ளே காற்று மாட்டிக்கொண்டால் அது பாதி காற்று டெஸ்ட்தான்.