ஆற்று நீரில் மீனைத் தேடும் படிப்பு: ஒரு தந்தைக்குப் பதில்

வணக்கம் ஐயா. "டாக்டருக்குப் படிக்க வேண்டிய பெண், ஆற்றுத் தண்ணீரை ஆராயப் போகிறேன் என்கிறாள், இதற்கெல்லாம் யார் சம்பளம் கொடுப்பார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். சம்பளத்துக்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்த வேலை என்னவென்று பாருங்கள்.

மீனின் உடலிலிருந்து சளியும் செதிலும் கழிவும் உதிர்ந்து நீரில் கலக்கின்றன. கூடவே அதன் டி.என்.ஏ.வும். நீரை வடிகட்டி அந்த டி.என்.ஏ.வைப் படித்தால், மீனைப் பிடிக்காமலே அங்கே என்ன மீன் இருக்கிறது என்று கண்டுபிடிக்கலாம். என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு மாணவி வேலை செய்வதை ஆற்றங்கரையில் நின்று பார்த்திருக்கிறேன். ஒரு லிட்டர் நீர் இறங்குவதற்குள் வெள்ளை வடிதாள் தேநீர் நிறமாகிவிட்டது. இடுக்கியால் அதை மடித்துச் எரிசாராயம் (எத்தனால்) நிரப்பிய சிறு குப்பியில் போட்டாள். அடுத்த இடத்துக்குப் புதிய கையுறை. பிறகு சுத்தமான நீரையும் அதேபோல் வடிகட்டினாள். அதிலும் மீனின் தடயம் தென்பட்டால், தவறு தன் கையில்தான் என்று தெரிந்துவிடுமாம்.

இந்த அக்கறைக்குக் காரணம் இருக்கிறது. ஆங்கிலேயர் காலத்திலிருந்தே தூண்டில்காரர்களிடையே பெயர்பெற்றது காவிரியின் கூன்முதுகு மகாசீர் என்ற பெரிய ஆற்று மீன். அது 'டோர் ரெமாதேவி' என்ற இனம்தான் என்பது 2018இல்தான் உறுதியானது. அதே ஆண்டில் மிக அருகிய இனமாக, அழிவின் விளிம்பில் உள்ள உயிர்களைப் பதிவுசெய்யும் உலகச் சிவப்புப் பட்டியலிலும் ஏறிவிட்டது. நீலகிரிப் பக்கத்து மோயாற்றில் இன்னும் கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது. இப்படிப்பட்ட மீனைக் கணக்கெடுப்புக்காக வலைவீசிப் பிடிப்பதே ஆபத்து. நீரை அள்ளினால் மீனுக்கு எந்தச் சேதமும் இல்லை.

ஆனால் நீர் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. காவிரியில் வேறொரு மகாசீர் இனத்தையும் வளர்த்துக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். இரண்டும் கலந்தனவா என்று நீரை மட்டும் வைத்துச் சொல்வது கடினம். வழக்கமாகப் படிக்கப்படும், செல்லின் ஆற்றல் உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ. தாய்வழியில் மட்டுமே வருவதால், கலப்பு மீனும் தாயின் இனமாகவே தெரியும். துடுப்பில் ஒரு துணுக்கு வெட்டித்தான் ஆக வேண்டும். இந்த எல்லையையும் உங்கள் மகள் இப்போதே அறிந்திருப்பது நல்லது.

இதற்கென்று தனிப் பட்டம் தேடி அலையாதீர்கள். விலங்கியலோ உயிரித் தொழில்நுட்பமோ படித்தும் இங்கே வரலாம். ஆனால் நான் சொல்வது நான்காண்டு பி.எஃப்.எஸ்சி. மீன்வளப் படிப்பைத்தான். தமிழ்நாடு மீன்வளப் பல்கலைக்கழகத்தில் இதற்கு நீட் தேவையில்லை. ஆராய்ச்சி பிடிக்காமல் போனாலும் மீன்வளத் துறை, வங்கியின் வேளாண் அலுவலர் பணி என்று வேறு கதவுகள் திறந்திருக்கும். பிடித்துப்போனால் மும்பையில் மத்திய மீன்வளக் கல்வி நிறுவனம், லக்னோவில் தேசிய மீன் மரபு வளப் பணியகம், ஹைதராபாத்தில் சி.சி.எம்.பி. என்ற செல், மூலக்கூறு உயிரியல் ஆய்வு மையம் என்று வழி நீளும். புள்ளியியலும் கொஞ்சம் கணினி நிரலாக்கமும் இன்றே தொடங்கட்டும். ஒரு மாதிரியிலிருந்து லட்சக்கணக்கான டி.என்.ஏ. வரிசைகள் வரும், ஆற்றில் ஒரு நாள் என்றால் கணினி முன் பல வாரங்கள்.

இனி சம்பளம். தேசியத் தகுதித் தேர்வான நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை பெற்றால் மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப் படியும் கிடைக்கும். நிரந்தர விஞ்ஞானி வேலைக்குப் பெரும்பாலும் முனைவர் பட்டம் வேண்டும். அதற்குள் வயது முப்பதை நெருங்கிவிடும். இருபத்திரண்டு வயதில் அவள் சம்பாத்தியம் வீட்டுக்குத் தேவை என்றால், மறைக்காமல் அவளிடமே சொல்லுங்கள். அதற்கேற்ற பாதையும் வகுக்கலாம்.

அடுத்த முறை அவளையும் அழைத்து வாருங்கள். அவளிடம் நான் கேட்க வேண்டியவை சில இருக்கின்றன.