சொல்லும் பொருளும்: அடியில்லாத ஆழம்

கேள்வி: பங்கு விலை சரிந்தால் நாளிதழில் ‘அதள பாதாளம்’ என்கிறார்கள். சிலர் ‘அதல’ என்று எழுதுகிறார்கள். எது சரி?
(வாசகர், பாலக்கோடு)

பதில்: ‘அதல பாதாளம்’தான் சரி. முதலில் லகரம், பிறகு ளகரம். வடமொழியில் இரண்டுக்குமே லகரம். பாதாளம் மட்டும் தமிழுக்கு வந்ததும் ளகரமாயிற்று. ‘தளம்’ நமக்குப் பழகிய சொல். அடுத்து வரும் ளகரமும் சேர்ந்து இழுப்பதால் கை தானாக ‘அதள’ என்று எழுதிவிடுகிறது.

இந்தச் சொல்லைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ‘தல’ என்றால் அடிப்பரப்பு. முன்னால் நிற்கும் ‘அ’ இன்மையைச் சொல்வது. அநீதி, அசுத்தம் என்கிறோமே, அதே ‘அ’. ஆக, அதலம் என்றால் அடியில்லாதது. கிரேக்கத்தில் ‘புஸ்ஸோஸ்’ என்பது அடி, ‘அபுஸ்ஸோஸ்’ அடியில்லாதது. ஆங்கிலத்தின் ‘அபிஸ்’ அதன் வழி வந்ததே. வடமொழியும் கிரேக்கமும் ஒரே மொழிக் குடும்பம் என்பதால் இரண்டு ‘அ’வும் உடன்பிறப்புகள். பாதாளத்தை, ‘விழு’ என்னும் பொருளுள்ள ‘பத்’ என்ற வேரிலிருந்து பிரிப்பது இலக்கண மரபு.

பாகவதம் சொல்லும் கீழ் உலகங்களின் வரிசை: அதலம், விதலம், சுதலம், தலாதலம், மகாதலம், ரசாதலம், பாதாளம். அடியில்லாதது என்று பெயர் பெற்ற அதலம்தான் ஏழில் மேலே இருப்பது! முதல் உலகையும் கடைசி உலகையும் சேர்த்துச் சொல்வதுதான் நம் வழக்கு. விஷ்ணு புராணக் கணக்கில் ஓர் உலகம் 10,000 யோசனை (யோசனை என்பது பழைய தூர அளவு), ஏழுக்கும் 70,000. இவ்வளவு ஆழமான சொல்லை ஒருநாள் விலைச் சரிவுக்குச் செலவழிப்பது எங்களுக்கு வருத்தம்தான். ‘கடும் சரிவு’ என்றாலே போதும்.

கேள்வி: பைபிளில் வெளிப்படுத்தின விசேஷம் 9-ஆம் அதிகாரத்தில் ‘பாதாளக்குழி’ வருகிறது. புராணப் பாதாளமும் அதுவும் ஒன்றா?
(வாசகி, ஊத்தங்கரை)

பதில்: ஒன்றல்ல. கிரேக்க மூலத்தில் அங்கே இருப்பது ‘அபுஸ்ஸோஸின் கிணறு’. அதைத் திறந்ததும் புகை எழுகிறது, புகையிலிருந்து வெட்டுக்கிளிகள் வருகின்றன. ஆதியாகமத்தின் இரண்டாம் வசனத்தில் ‘ஆழத்தின்மேல் இருள் இருந்தது’ என்று படிக்கிறீர்களே, பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் அங்கேயும் இதே சொல்தான், எபிரேயத்தில் ‘தெகோம்’. மத்தேயு 16:18-இல் ‘பாதாளத்தின் வாசல்கள்’ என்று வருவதோ ‘ஹேடீஸ்’ என்ற வேறு சொல். தமிழில் இரண்டையும் பாதாளமே சுமக்கிறது.

புராணப் பாதாளம் தண்டனைக் கூடம் அல்ல. நரகம் அங்கே தனி. பாதாளம் சொர்க்கத்தைவிட இன்பமானது என்று நாரதர் சொன்னதாக விஷ்ணு புராணம் கூறுகிறது. அங்கே வெயிலுக்கு ஒளி உண்டு, சூடு கிடையாது. நிலவுக்கு ஒளி உண்டு, குளிர் கிடையாது.

கேள்வி: பாதாளத்தில் இறங்கும் நாவல் ஒன்று எழுதுகிறேன். மற்றவர்கள் எப்படிக் கையாண்டிருக்கிறார்கள்? எதில் கவனம் வேண்டும்?
(வாசகர், தேன்கனிக்கோட்டை)

பதில்: வாசலிலிருந்து தொடங்குங்கள். தமிழில் அதற்கு ‘பிலம்’ (கீழே இறங்கும் குகை வழி) என்ற அருமையான சொல் இருக்கிறது. கிட்கிந்தா காண்டத்தில் கம்பர் ‘பிலம் புக்கு நீங்கு படலம்’ என்று ஒரு படலமே வைத்தார். சீதையைத் தேடிப் போன வானரர் இருளைக் கடந்து சுயம்பிரபையின் பொன்னகரை அடைகிறார்கள். மயில்ராவணன் கதையில் அனுமனுக்கு வழி தாமரைத் தண்டு. தண்டின் துளை வழியே ஓர் உலகத்துக்கு இறங்குவது எவ்வளவு துணிவான கற்பனை!

1667-இல் வந்த ஆங்கிலக் கவி மில்டனின் ‘பாரடைஸ் லாஸ்ட்’ காவியத்தில் அபிஸ் என்பது உருவம் பெறாத குழப்ப வெளி. அதில் சாத்தான் 10,000 பாகம் (ஒரு பாகம் ஆறடி) செங்குத்தாக விழுகிறான். 2012-இல் தொடங்கிய ‘மேட் இன் அபிஸ்’ என்ற ஜப்பானியப் படக்கதை வேறு வழியில் போகிறது: இறங்குவது எளிது, ஏறும்போதுதான் உடல் சீர்கெடும், எவ்வளவு ஆழத்திலிருந்து ஏறுகிறார்களோ அவ்வளவு கேடு. இது கற்றுக்கொள்ள வேண்டிய உத்தி. திரும்பி வர ஒரு விலை இருந்தால்தான் ஆழம் வாசகருக்கு உறைக்கும்.

பலரும் தவறுவது கல் போட்டுப் பார்க்கும் காட்சியில். போட்டதிலிருந்து 3 விநாடியில் சத்தம் கேட்டால் ஆழம் சுமார் 40 மீட்டர். 6 விநாடி என்றால் 80 அல்ல, ஏறத்தாழ 150 மீட்டர். விழ விழ வேகம் கூடுகிறது. சத்தமே வராத குழி வேண்டுமென்றால் அடியில் சேறோ மணலோ வையுங்கள், அல்லது கல் நடுவில் காணாமல் போகட்டும்.

இன்னொன்று, ‘கீழே போகப் போகக் குளிர்ந்தது’ என்று எழுதாதீர்கள். கிருஷ்ணகிரிக்குப் பக்கத்திலேயே கோலார் தங்கவயல் இருக்கிறது. 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிய சுரங்கம், 2001-இல் மூடினார்கள். அந்த ஆழத்தில் பாறை கை வைக்க முடியாத சூடு. பாறை தன் மேல் இருக்கும் பளு தாங்காமல் திடீரென்று வெடித்துச் சிதறுவதும் உண்டு. குளிரைவிட இது கதைக்கு வலு.

கேள்வி: கிணற்றில் விழுந்த வாளியை எடுப்பதற்குப் பாதாளக் கரண்டி என்று பெயர் வந்தது ஏன்? எப்படிப் போடுவது?
(வாசகி, காரிமங்கலம்)

பதில்: எட்டாத ஆழத்தையும் துழாவும் என்பதால் அந்தப் பெயர். ஓர் இரும்பு வளையம், அதிலிருந்து நாலா பக்கமும் தொங்கும் கொக்கிகள், அவ்வளவுதான். நல்ல கயிற்றில் கட்டி அடி தட்டும்வரை விடுங்கள். தட்டியதும் ஒரு சாண் தூக்கி, கிணற்றைச் சுற்றி மெதுவாக நடந்தபடி இழுங்கள். கனம் தெரிந்தால் வெடுக்கென்று இழுக்கக் கூடாது. கொக்கி வாளியின் விளிம்பில் மட்டும் பட்டிருந்தால் நழுவிவிடும். வாளி கவிழ்ந்து சேற்றில் புதைந்திருந்தால் பிடி கிடைக்காது. அப்போது வாளியோடு போன கயிற்றைத் தேடுங்கள். கொக்கியில் கயிறுதான் சுலபமாகச் சிக்கும். மோட்டார் குழாய் இருக்கும் பக்கம் கரண்டியைக் கொண்டுபோகாதீர்கள்.