வாசகர் கேள்வி – பதில்: சிவப்பு விளக்கு கேமரா கட்டுபடியாகுமா?

கேள்வி: சிவப்பு விளக்கைத் தாண்டும் வண்டியைத் தானாகப் படம் பிடிக்கும் கேமராவை ஊட்டிச் சந்திப்புகளில் வைத்தால், போட்ட பணம் அபராதத்திலேயே திரும்பிவிடும், சீசனில் லாபமே வரும் என்கிறார்களே?
– வாசகர், ஊட்டி

பதில்: அபராதம் அரசுக் கருவூலத்துக்குப் போகிறது, நகராட்சிக் கணக்கில் விழாது. நகராட்சி கேமரா வாங்கினால் செலவு ஓரிடம், வரவு வேறிடம். இதைப் பேசி முடித்த பிறகே டெண்டர்.

சந்திப்பில் வந்து சேரும் ஒவ்வொரு சாலை முனைக்கும் நம்பர் பிளேட் படிக்க ஒரு கேமரா வேண்டும். சிக்னல், ஸ்டாப் லைன், வண்டி மூன்றும் ஒரே படத்தில் விழ இன்னொன்று. அகச்சிவப்பு விளக்கு, கம்பம், கணினிப் பெட்டி, யுபிஎஸ், இணைய இணைப்பு எல்லாம் தனி. பிறகு மாதாமாதம் பராமரிப்பும், படங்களைச் சரிபார்க்க ஆளும். அந்தச் சரிபார்ப்பில் நிறையவே கழியும்: சேறு அப்பிய பிளேட், ஆம்புலன்ஸுக்கு வழிவிட்டுக் கோட்டைத் தாண்டியவர், நெரிசலில் சிவப்பு எரியும்போதே காவலர் கையசைத்து அனுப்பிய வண்டி. மலையில் மூடுபனி வேறு. அகச்சிவப்பு ஒளி பனித்துளியில் பட்டுத் திரும்பி, படமே வெளுத்துவிடும். கேமராவை ஒட்டி விளக்கைப் பொருத்தாமல் தள்ளிப் பொருத்தினால் இது குறையும். உள்ளே ஈரம் படியாதபடி சூடேற்றும் வசதியுள்ள கூண்டும் அவசியம்.

கணக்குக்காகச் சில எண்களை வைத்துக்கொள்வோம். ஒரு முனைக்கு மாதச் செலவு 40,000 ரூபாய். 300 படங்களில் 200 தேறி, அதில் 100 பேர் தலா 500 கட்டினால் 50,000. மிச்சம் 10,000. ஆனால் கேமரா இருப்பது தெரிந்ததும் மீறல் பாதியாகும். வரவு 25,000, கையிலிருந்து 15,000. ஜூன் முதல் செப்டம்பர் வரை மழையில் கூட்டம் குறைந்தாலும் செலவு அதேதான். கேமரா ஒழுங்காக வேலை செய்தால் வரவு குறைந்தே தீரும். ஆகவே இதைப் பாதுகாப்புச் செலவாக எழுதுங்கள். ஒப்பந்தக்காரருக்கு ஒரு அபராதச் சலானுக்கு இவ்வளவு என்று மட்டும் பேசாதீர்கள். சலான் பெருகினால்தான் அவருக்கு வருமானம் என்றாகிவிடும். மாதத்துக்கு நிலையான தொகையும், கேமரா பழுதான நாளுக்குப் பிடித்தமும் சரி.

கேள்வி: இறக்கத்தில் வரும்போது மஞ்சள் விழுந்தால் நிறுத்தவே முடிவதில்லை. அதற்கும் சலான் வருமா?
– வாசகி, குன்னூர்

பதில்: மஞ்சள் நேரத்தைத் தவறாக வைத்திருந்தால் வரும். கேமராவுக்கு முன்பே திருத்த வேண்டியது இதுதான். ஓட்டுநர் சுதாரிக்க 1 விநாடி, பிரேக் போட்டால் ஒவ்வொரு விநாடியும் வேகம் விநாடிக்கு 3.05 மீட்டர் வீதம் குறையும் என்பது வழக்கமான கணக்கு. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்துக்குச் சமதளத்தில் 2.8 விநாடி மஞ்சள் போதும். 100 மீட்டருக்கு 8 மீட்டர் இறங்கும் சாலையில் 3.45 விநாடி வேண்டும். எல்லா முனைக்கும் 3 விநாடி என்று வைத்தால், இறக்கத்தில் வருகிறவருக்கு அரை விநாடி பற்றாது; நியாயமாக ஓட்டியவரே மாட்டுவார். சிகாகோவில் 3 விநாடிக்குச் சற்றே குறைந்த மஞ்சளுக்கும் சலான் போட்டதில், சுமார் 77,000 சலான்கள் கூடுதலாகப் போயின என்று 2014-இல் அந்நகரின் தணிக்கை அதிகாரி கண்டறிந்தார். ஒன்றுக்கு 100 டாலர்!

திடீர் பிரேக்கும் ஆபத்துதான். அமெரிக்க அரசின் 2005 ஆய்வில், கேமரா வைத்த சந்திப்புகளில் குறுக்கே வந்து மோதும் விபத்து 24.6 சதவீதம் குறைந்தது. பின்னால் வந்து இடிப்பது 14.9 சதவீதம் கூடியது. இறக்கத்தில் ஸ்டாப் லைனுக்கு முன்பே எச்சரிக்கைப் பலகை நிற்க வேண்டும்.

கேள்வி: கேரளப் பதிவு வண்டி எங்களுடையது. சலான் வந்ததே தெரியவில்லை.
– வாசகர், கூடலூர்

பதில்: ஆர்.சி.யில் பழைய செல் எண் இருக்கும். மத்திய அரசின் வாகனச் சேவைத் தளமான பரிவாகனில் மாற்றுங்கள். இ-சலான் பக்கத்தில் வண்டி எண்ணைப் போட்டால் படத்தோடு நிலுவை தெரியும். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021-இல் வந்த 167ஏ விதி, மீறல் நடந்த 15 நாளுக்குள் அறிவிப்பு அனுப்பச் சொல்கிறது; கேமராவுக்கு ஆண்டுதோறும் புதுப்பித்த ஒப்புதல் சான்றும் வேண்டும். படத்தில் சிக்னலும் கோடும் தெரியவில்லை என்றால், பணம் கட்டுவதற்கு முன் அதே தளத்தில் புகார் பதியுங்கள்.