பத்தாயிரம் ரூபாய் கூடுதல்

அன்புள்ள ஐயா,

கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் இருக்கிறேன். டிப்ளமோ மெக்கானிக்கல். சேர்ந்து நாலு வருடம் மூன்று மாதம் ஆகிறது. கையில் 28,000 வருகிறது. இரண்டு வருடமாக பம்பை டெஸ்ட் பெட்டில் ஏற்றி, ரீடிங் எடுத்து, ரிப்போர்ட் போடுவதுதான் வேலை. இப்போது சென்னைக்கு அருகே ஓரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனி 38,000 சி.டி.சி. என்று ஆஃபர் கொடுத்திருக்கிறது. பத்தாயிரம் கூடுதல். ஆனால் ஐந்து வருடம் முடித்தால் கிடைக்கும் பணிக்கொடையான கிராஜுவிட்டிக்கு இன்னும் ஒன்பது மாதம் பாக்கி. அப்பாவின் ஆபரேஷனுக்கு முதலாளி அட்வான்ஸ் கொடுத்தார். அதை அடைத்துவிட்டேன், ஆனாலும் போகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. சொந்த வீடு, மனைவிக்கு இங்கே பள்ளியில் வேலை. போகலாமா, இருக்கலாமா?

கோவை வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் அந்தப் பத்தாயிரத்தைப் பார்ப்போம். 28,000 கையில் வருவது, 38,000 சி.டி.சி., அதாவது கம்பெனி உங்களுக்காகச் செய்யும் மொத்தச் செலவு. இரண்டையும் நேராகக் கழிக்கக் கூடாது. புது இடத்தில் அடிப்படைச் சம்பளம் பாதி, அதாவது 19,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். பி.எஃப்.புக்கு உங்கள் பங்கு 12 சதவீதம், 2,280. கம்பெனியின் பங்கும் அதே அளவு, அதையும் சி.டி.சி.க்குள்தான் காட்டுவார்கள். கிராஜுவிட்டி என்று அடிப்படையில் 4.81 சதவீதத்தையும் பல கம்பெனிகள் அதிலேயே சேர்த்துவிடும், அது 900 சொச்சம். மிச்சம் சுமார் 32,500. கூடுதல் நாலாயிரத்து ஐந்நூறுதான். இதில் ஓரகடத்துப் பக்கம் வீட்டு வாடகை கொடுத்து, மனைவியின் சம்பளத்தையும் இழந்தால் நீங்கள் பின்னால்தான் போகிறீர்கள்.

கிராஜுவிட்டியில் உங்களுக்குச் சாதகமான ஒரு விஷயம் இருக்கிறது. ஐந்தாம் வருடத்தில் 240 நாள் வேலை செய்திருந்தால் அந்த வருடமும் கணக்கில் வரும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 1998-ல் தீர்ப்பளித்திருக்கிறது. அப்படிப் பார்த்தால் பாக்கி ஒன்பது மாதம் இல்லை, சுமார் ஐந்து மாதம். முழு ஐந்து வருடம் வேண்டும் என்று இழுத்தடிக்கும் கம்பெனிகளும் உண்டு, அதனால் உங்கள் இடத்தில் பழைய ஆட்களுக்கு எப்படிக் கொடுத்தார்கள் என்று கேட்டு வையுங்கள். அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்ந்து 16,000 என்றால், அதை 26-ஆல் வகுத்து, 15-ஆலும் 5-ஆலும் பெருக்கினால் சுமார் 46,000 வருகிறது. மாதம் நாலாயிரத்து ஐந்நூறுக்காக அவசரப்பட்டு விடுகிற தொகை இல்லை. எப்போது போனாலும் பி.எஃப். பணத்தை எடுக்காமல் மாற்றிக்கொள்ளுங்கள். பென்ஷனுக்குப் பத்து வருட சர்வீஸ் வேண்டும், இந்த நாலு வருடமும் அதில் சேரும்.

சம்பளத்தைவிட எனக்கு உறுத்தியது உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்று. அங்கே என்ன வேலை என்று நீங்கள் எழுதவே இல்லை. குவாலிட்டி என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு வேலைகள் இருக்கின்றன. லைன் கடைசியில் நின்று கேஜ் வைத்துப் பார்த்து, நல்லது கெட்டது பிரித்துப் போடுவது ஒன்று. அதற்காக ஊர் விட்டுப் போகாதீர்கள், ரீடிங் எடுக்கிற அலுப்புதான் அங்கேயும். இன்னொன்று, புதிய பாகத்துக்கு வாடிக்கையாளர் ஒப்புதல் வாங்கும் பி.பி.ஏ.பி. ஆவணங்களைத் தயாரிப்பது, உற்பத்தியின் ஏற்ற இறக்கத்தைப் புள்ளிவிவரத்தால் கண்காணிக்கும் எஸ்.பி.சி. பார்ப்பது, வாகனத் தொழிலின் தர விதியான ஐ.ஏ.டி.எஃப். 16949 ஆடிட்டுக்கு உட்காருவது. வாகனத் துறையில் எங்கே போனாலும் கேட்பது இதைத்தான். பம்ப் கம்பெனியில் இருந்துகொண்டு இதைக் கற்றுக்கொள்வது கஷ்டம். இந்த வேலையைத் தருகிறார்கள் என்றால் ஒன்றிரண்டு வருடம் பண நஷ்டத்தோடுகூடப் போகலாம் என்பேன். ஆஃபர் கொடுத்தவரிடம் போன் போட்டு நேராகக் கேளுங்கள், தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

முதலாளி விஷயம். அட்வான்ஸை அடைத்துவிட்டீர்கள், நன்றியை இன்னும் இருபது வருட வேலையாகச் செலுத்த வேண்டியதில்லை. கோவையில் இன்று பட்டறை வைத்திருக்கும் பலர் ஒரு காலத்தில் இன்னொருவர் பட்டறையிலிருந்து விலகி வந்தவர்கள்தான், உங்கள் முதலாளிக்கும் அது தெரியாமல் இருக்காது. எச்.ஆருக்கு மெயில் போடுவதற்கு முன்னால் அவரை நேரில் பார்த்துச் சொல்லிவிடுங்கள். நோட்டீஸ் காலத்தில் அடுத்த ஆளுக்கு டெஸ்ட் பெட்டைச் சொல்லிக்கொடுங்கள். அது போதும்.

ஆக, இந்த இடத்தை நீங்கள் விடத்தான் வேண்டும், ஆனால் இந்த மாதமே இல்லை. ஓரகடத்துக்காரர்கள் ஐந்து மாதம் காத்திருப்பார்களா என்பது சந்தேகம். இல்லையென்றால் போகட்டும். வாகன உதிரிபாகத் தொழிற்சாலைகள் கோவையிலேயே இருக்கின்றனவே, அங்கே எங்காவது விண்ணப்பித்துப் பார்த்தீர்களா?